தொட்டியைப் பிடித்த புளியாரை

பனிமலையிலிருந்து வந்த குட்டை வில்லோச் செடி, தொட்டியில் வைத்ததுமே மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது. அதன் பரம்பரைக்கே நிமிர்ந்து பழக்கமில்லை.

அதே தொட்டியில் தானாக முளைத்திருந்த புளியாரைக்குப் பொறுக்கவில்லை. "செடின்னா என்னை மாதிரி நிக்கணும்" என்று மூன்று மஞ்சள் பூக்களை நீட்டிக்கொண்டு நின்றது.

களை பிடுங்க வந்த ஜெசிந்தா டீச்சர், "அட, வில்லோ பூத்திருச்சே!" என்று புளியாரையைக் கொஞ்சினாள். "தரையில படர்ந்து கிடக்கே, இதுதான் களை" என்று வில்லோவைப் பிடுங்கிக் குழாயடி ஜல்லியில் வீசினாள்.

புளியாரைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் டீச்சர், வில்லோவோடு கடைக்காரர் தந்த சீட்டை விரித்தாள். உரம் கூடாது. வேரைச் சுற்றி ஜல்லி போடவும். தண்ணீர் ஜில்லென்று இருக்கட்டும். பூத்து முடிந்ததும் கத்தரிக்கவும்.

டீச்சர் ஒன்றையும் விடவில்லை.

பத்தாம் நாள், பாதி உடம்பு போன புளியாரை நடுங்கிக்கொண்டே அலறியது. "அண்ணே, நான் களைதான்! யாராவது என்னைப் பிடுங்கச் சொல்லுங்களேன்!"

குழாய் சொட்டிய தண்ணீரில் ஜல்லிக்குள் வேர்விட்டு, சுகமாகப் படுத்திருந்த வில்லோ புரண்டுகூடப் பார்க்கவில்லை.

"சீட்டுல கடைசி வரியைப் படிச்சியா, தம்பி? நல்லாப் பார்த்துக்கிட்டா முப்பது வருஷம் இருக்குமாம்."