சரிகைத் தோள்பட்டை

மெக்சிகோவின் வெராகுரூஸ் கடல் வெயிலில் கப்பல் அப்பளமாய்ப் பொரிகிறது. அமெரிக்கக் கடற்படையில் மேலே ஒருவர் செத்தால்தான் கீழே ஒருவர் ஏறலாம். லெப்டினன்ட் க்ரானல், நோவா காலத்திலிருந்து, கணக்குக்கு இருபத்தேழு வருஷமாக, அதே படியில் நிற்கிறார். மஞ்சள் காய்ச்சலில் போன கேப்டனைக் காலையில்தான் கடலில் இறக்கினார்கள். வழக்கப்படி அவருடைய உடைமைகள் பாய்மரத்தடியில் ஏலம் போகின்றன. கேப்டன் சட்டையின் தோளில் மாட்டும் தங்கச் சரிகைத் தோள்பட்டைகளை க்ரானல் எடுக்கிறார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. “மாட்டுடா டில்டன். சந்தோஷத்துல கை நடுங்குது.” “தாடியில பாசி படர்ந்த பிறகாவது கேப்டன் ஆயிட்டீங்களே ஐயா!” கிழட்டுப் பணியாள் சிரித்தபடியே மாட்டிவிட்டு நிமிர்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. “ஐயா... சரிகையோட மஞ்சள் உங்க கண்ணுக்குள்ளயும் இருக்கே.” க்ரானல் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். பதினெட்டு வருஷமாகக் காத்திருக்கும் அடுத்த லெப்டினன்ட், மெல்லத் தொப்பியைக் கழற்றுகிறார். பார்வை மட்டும் அந்தச் சரிகையை விட்டு நகரவில்லை.