கல் உடைந்தால்

சீமெந்தைக் குறைத்து, உமிச் சாம்பல் கலந்து மகள் ஸ்டெல்லா வார்த்த கல்லில்தான் தேயிலைத் தோட்டத்துப் புதுக் கோயில் எழும்பும் என்று மூப்பர் சவரிமுத்து சபையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். "பதுளை லேப் டெஸ்ட்டுல கல்லு ஒடஞ்சா, எனக்கு மூப்பர் பதவியே வேணாம்!"

மாலையில் ஸ்டெல்லா லயத்து வீட்டுக்குச் சிரித்தபடி ஓடி வந்தாள்.

"அப்பா, ஒடஞ்சிருச்சு!"

வாசலில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து, சபையிடம் திருப்பிக் கொடுக்க இடுப்பிலிருந்த கோயில் சாவியை அவிழ்த்தார். "குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டு, சிரிப்பு வேறயா?"

"ஐயோ அப்பா, ஒடையிற வரைக்கும் மெசின்ல வச்சு நசுக்குறதுதான் டெஸ்ட்டே! வெறும் சீமெந்துக் கல்லு மொதல்ல ஒடஞ்சுச்சு. நம்ம கல்லு அதுக்கு மேலயும் அஞ்சு டன் தாங்குச்சு!"

"அப்ப ஒடையாத கல்லே கெடையாதா?"

"கெடையாதுப்பா."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" சவரிமுத்து துள்ளி எழுந்தார். "ஒடஞ்ச துண்டெல்லாம் எங்க? கொண்டா, சபைக்கே காட்டணும்!"