பின்சுவர்

"வாய்ப்பு ரொம்பக் கம்மிதான். இருக்குன்னு சொல்லி உங்களை ஏமாத்த நான் விரும்பலம்மா."

கல்லூரிச் சேர்க்கை அலுவலர் மதிப்பெண் சான்றிதழை அம்மாவின் பக்கம் தள்ளி வைத்தார்.

"போன வருஷம் வரைக்கும் ஸ்கூல்லயே முதல் பொண்ணு. கடைசி வருஷத்துல இப்படிச் சரிஞ்சா, யாரா இருந்தாலும் ஏன்னு கேப்பாங்க. நியாயமான காரணம் இருந்தா சொல்லுங்க, தேர்வுக் குழுகிட்ட நான் பேசிப் பார்க்கறேன். உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்ததா?"

"இல்லைங்க."

"வீட்டுல ஏதாவது பிரச்சனை?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார்."

அம்மாவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? ஸீட் கேட்டு வந்த இடத்தில், என் மகள் சுவரோடு பேசுகிறாள் என்றா சொல்ல முடியும்?

வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. கடைசி வருஷப் படிப்பு தொடங்கியதும் திடீரென்று அந்த ரேடியோ அடங்கிப் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகப் பின்னறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

தைத்த துணிகளை எடுத்து வைக்கப் போன அம்மா ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தாள். சுவரில் கன்னம் படுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, என்றைக்கோ படித்து முடித்த பழைய வகுப்புப் புத்தகத்தை மடியில் விரித்து, ரேடியோ பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வெறும் சுவருக்கு.

"புரிஞ்சுதா?"

சுவர் ரெண்டு தட்டுத் தட்டியது.

"இல்லையா? சரி, முதல்லேர்ந்து சொல்றேன்."

அம்மாவுக்குக் கையிலிருந்த துணி எப்போது கீழே விழுந்தது என்றே தெரியவில்லை.

அன்றைக்கே மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருகிட்டடி பேசுறே?"

"பேரு தெரியாதும்மா. அதால பேச முடியாது, தட்டத்தான் முடியும். ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை. எங்க அம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொல்லட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தட்டிடுச்சு. அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. வாசல் அடுத்த தெருவில். மறுநாள் அம்மா சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பட்டப்பகலில் ஜன்னல் எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தது. விசாரித்தபோது எதிர்க் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அங்கயா? புதுசாக் குடிவந்தவங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருதான். சின்னப் புள்ளைங்க யாரையும் நான் பார்த்ததே இல்லம்மா."

அப்புறம் அம்மா அந்தப் பின்னறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறிச் சில நாள் அந்தத் தட்டு கேட்கும். கால் பெடலை வேகமாக மிதித்துக்கொள்வாள். மகளின் மார்க் மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது.

"காரணம் எதுவும் இல்லைன்னா, அதுக்குப் பேரு அலட்சியம்மா," என்றார் அலுவலர். "தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணையே எடுத்துக்குங்க. விபத்துல அடிபட்டு ஒரு வருஷமாப் படுத்த படுக்கையா இருக்கா. உங்க பொண்ணுக்கு ஒரு வகுப்புக் கீழே. ஸ்கூலும் இல்லை, ட்யூஷனும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை. தானே படிச்சு, வீட்டுலயே பரீட்சை எழுதினா. ஒரு மார்க் குறையலை. எல்லாம் மனசுலதாம்மா இருக்கு."

அம்மா தலைகுனிந்தாள். பக்கத்தில் ரேடியோவைப் பார்த்தால், அவள் தலைகுனியவே இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்ததிலிருந்தே, எங்கோ கேட்ட குரலை அடையாளம் பிடிக்கிறவள்போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. திட்டு வாங்குகிற இடத்தில் இது என்ன சிரிப்பு?

மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

"சொல்லு... இன்னிக்குமா? ... காலையிலேர்ந்தேவா? ... சரி, நீ அழாதே. டாக்டர் சொன்னபடியே செஞ்சிடலாம். சாயங்காலம் ஆள் கூட்டிட்டு வந்து கட்டிலை முன்னறைக்கு மாத்திடறேன்."

போனை வைத்தவர் அதிகாரி மாதிரி இல்லை. முகம் வாடிப்போயிருந்தது.

"விபத்துல என் பொண்ணுக்குப் பேச்சும் போயிடுச்சு. அப்போலேர்ந்து ஒரு பழக்கம். கட்டிலை ஒட்டினாப்புல இருக்கிற சுவத்தைத் தட்டுவா. ஒரு தட்டு தட்டிட்டு, யாரோ பதில் சொல்லப் போற மாதிரி காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே இருக்காளாம். தலையில பட்ட அடிதான் காரணம்ங்கிறார் டாக்டர். சுவத்தை விட்டுப் பிரிச்சாத்தான் சரியாகுமாம்."

அம்மாவுக்கு, ஒரு வருஷமாக எதற்குப் பயந்து செத்தோம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"சார், உங்க வீடு..." என்று ஆரம்பித்தாள். இதைச் சொன்னால் போதும், ஸீட் கிடைத்துவிடும்.

மேஜைக்கு அடியில் மகளின் விரல் அவள் உள்ளங்கையில் தட்டியது. ரெண்டு தட்டு.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். சான்றிதழை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போன ரேடியோ நின்றாள். ஸீட்டுக்காக ஒரு வார்த்தை கெஞ்சாதவள், அப்போதுதான் திரும்பி வந்து அவர் முன்னால் கையைக் கூப்பினாள்.

"எனக்கு ஸீட் இல்லைன்னா பரவாயில்லை சார். கட்டிலை மட்டும் அந்தச் சுவத்தை விட்டு நகத்திடாதீங்க. அவளுக்கு இன்னும் பாடம் பாக்கி இருக்கு."