மஞ்சள் தட்டின மோதிரம்

வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று நகைக்கடைக்காரர் சொன்னதும் அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். விரலைச் சொல்கிறாரா, மோதிரத்தைச் சொல்கிறாரா என்றே ஒரு கணம் விளங்கவில்லை.

வீங்கிப்போன விரலைக் கல்யாண மோதிரம் கவ்விக்கொண்டு நின்றது. வெள்ளைத் தங்கம் என்று ஆசை ஆசையாக ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இந்தக் கடையில் வாங்கியது. சோப்பு போட்டாயிற்று, எண்ணெய் போட்டாயிற்று, அசைந்து கொடுக்கவில்லை. விரல் நீலம் பாரித்த பிறகு மனைவிதான் இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். எங்கே வெட்டலாம் என்று பார்க்கத்தான் குனிந்தார். கண்ணில் பட்டது வேறு.

"என்னங்க இது, இப்படி மஞ்ச தட்டிக் கெடக்கு?"

மனைவி பிடித்துக்கொண்டாள். வெள்ளை என்று சொல்லிப் பித்தளையைத் தலையில் கட்டினால் மஞ்சள் தட்டாமல் மல்லிகையா பூக்கும் என்று கேட்டாள். கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தங்கமே உள்ளுக்குள் லேசான மஞ்சள்தான், மேலே ரோடியம் முலாம் பூசித்தான் இந்த வெள்ளை, நாள்பட அது தேயும், திரும்பப் பூசிக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னார். ஆனால் இது வெறும் தேய்மானம் இல்லையாம். எதுவோ அரித்திருக்கிறதாம்.

"பிளீச்சிங் தண்ணியில தெனம் கை வெச்சாத்தான் இப்படி ஆகும். சார் என்ன வேலை பாக்குறீங்க?"

அவன் கணக்கெழுதின கம்பெனியை இழுத்து மூடி வருஷம் ஆகப்போகிறது. தேய்த்த சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஆபீஸுக்குக் கிளம்புகிறவன், போய் நிற்பது ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே சட்டையை மாற்றி, மூக்கோடு வாயோடு துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு மாடி முழுக்கப் பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். கையுறை கிழிந்தால் அடுத்தது எப்போது வருமோ. மோதிரத்தைக் கழற்றி வைக்கலாம் என்றால், மாப்புக் கட்டையைப் பிடித்துப் பிடித்தே விரல் வீங்கிவிட்டது.

உட்கார்ந்து வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்றுதான் அவளைக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அவள் பிறந்த வீட்டில் தலை நிமிர்ந்து பேசுகிறாள். அதற்குப் பயந்தே ஆஸ்பத்திரிக் குழாயில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுப் படியேறுவான். அப்படியும் அந்த வாடை விட்டபாடில்லை. லீவு போட்டுப் படுத்துக்கிடந்த நாளில்கூடச் சாயங்காலமானால் வீட்டுக்குள் அடித்தது. தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"ஆபீஸ்ல உக்காந்து எழுதுற வேலை" என்று அவனை முந்திக்கொண்டு அவள் சொன்னாள்.

"எழுதுறதுக்கெல்லாம் இப்படி அரிக்காதும்மா. ஆஸ்பத்திரி, ஓட்டல்ல தரை தொடைக்கிறவங்க கொண்டாந்து நான் பாத்திருக்கேன்."

எழுந்து ஓடிவிடலாம் என்றால் விரல் அவர் பிடியில் இருந்தது. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே தகட்டைச் செருகி, சின்ன ரம்பச் சக்கரத்தை அவர் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பேனா மையாக இருக்கும் என்றாள், ஊர்த் தண்ணீரே சரியில்லை என்றாள், கடைசியில் மறுபடியும் பித்தளைக்கே வந்து நின்றாள். பாவி, எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்று அவனுக்குக் கண் கலங்கியது.

மோதிரம் பிளந்தது. விரலுக்கு மூச்சு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஜோடி மோதிரந்தானே? உங்களுதையும் குடுங்கம்மா, ஒரே வெள்ளையா பூசித் தந்துடுறேன்."

அவள் கைப்பைக்கு அடியில் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நான் போறது ஆபீஸ் இல்ல."

அவள் தன் மோதிரத்தைக் கழற்றி, வெட்டுப்பட்டுக் கிடந்த மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே மஞ்சள், அதே அரிப்பு. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க தொடைக்கிற மாடிக்கு மேல் மாடி எனக்குங்க."