நாற்பத்தொன்று

கம்பெனி பஸ்ஸில் சுங்குவார்சத்திரத்தில் பதினோரு பேர் ஏறுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பதின்மூன்று, பென்னலூரில் பதினேழு. மூன்றும் அடுத்தடுத்த பகா எண்கள், கூட்டினால் வரும் நாற்பத்தொன்றும் பகா எண் என்று முதலில் கவனித்தவள் செல்லக்கனி. "நம்மள ஒருத்தனாலயும் வகுக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்று புருஷன் ஐயனாரிடம் சொல்லிச் சிரித்தாள்.

மஞ்சள் காமாலையில் அவள் செத்த பிறகு பென்னலூரில் பதினாறு பேர்தான் ஏறினார்கள். ஆனாலும் இருங்காட்டுக்கோட்டை கேட்டில் இறங்குகிறவர்களை எண்ணும் செக்யூரிட்டி ஏழுமலைக்குத் தினமும் நாற்பத்தொன்றுதான் வந்தது.

சூப்பர்வைசர் ஐயனாரைக் கூப்பிட்டார்.

"உம் பக்கத்து சீட்ல யாரையும் உக்கார வுட மாட்டேன்றியாமே? கணக்கும் இடிக்குது. நாளைலேர்ந்து நீ பஸ்ல வராத."

"வரல சார். ஆனா நாப்பத்தொண்ணு கொறையாது."

மறுநாள் பஸ்ஸிலிருந்து முப்பத்தொன்பது பேர் இறங்கினார்கள். ஏழுமலை நிம்மதியாக எழுதிக்கொண்டார். பின்னாலேயே ஐயனார் சைக்கிளில் வந்தான்.

"தம்பி, உள்ளாற டபுள்ஸ் போவக் கூடாது. பின்னாடி குந்திகினு இருக்கிறவங்கள எறக்கி வுடு."

ஐயனார் திரும்பிப் பார்க்கவில்லை.

"எறக்க மாட்டேன்ணே. ரெண்டுன்னு எழுதிக்கிடுங்க."

டபுள்ஸ் மிதிக்கிறவனைப் போலவே எழுந்து நின்று பெடலை அழுத்தினான்.