ஐந்தும் சரி

"மொதல்ல நான் சொன்ன அஞ்சு வார்த்தையை இப்போ திருப்பிச் சொல்லுங்க, பார்ப்போம்."

மறதி நோய் ஆராய்ச்சிப் பிரிவின் இளம் டாக்டர் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவரோ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்துவிட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள், தட்டுத்தடுமாறிக் கழித்துவிட்டார். இதிலும் தேறிவிட்டால் நாளைக்கே மறுபடி வேலையில் சேரலாம். தேறாவிட்டால்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கண்ணை இறுக மூடினார். இருட்டு.

"குடை..." வந்துவிட்டது! "ஏணி, மஞ்சள், பாலம், முயல்!"

மடமடவென்று கொட்டிவிட்டு நிமிர்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"அஞ்சும் சரிதானே?"

அவள் பேனாவை மூடினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னம்மா, மார்க் போடலையா?"

"நான் இன்னிக்குச் சொன்னது வேற அஞ்சு வார்த்தை."

"அப்போ... நான் சொன்னது?"

அவள் தன் நாற்காலியின் கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இருபது வருஷமா நான் இப்போ இருக்கிற இந்த நாற்காலியில உட்கார்ந்து, வர்ற நோயாளிங்ககிட்ட எல்லாம் நீங்க கேட்டது, டாக்டர்."