கித்தானுக்கு அடியில்

கித்தானைக் கிழித்ததும் நாற்றம் அடித்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ஏரியிலிருந்து இழுத்து வந்த படகு பட்டறை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. பிரிக்காமல் அப்படியே எரித்துவிடச் சொல்லியிருந்தான் அவள் புருஷன் ஞானாபரணம். நல்ல துணியை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே பலகை அழுகியிருந்தது.

இரண்டு சாண் நீளத்துக்குப் புழு அரித்த பள்ளம். மரத்தூளையும் தோல் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையையும் குழைத்து அதில் அடைத்திருந்தான். தண்ணீரில் ஊறி அது கொழகொழவென்று கிடந்தது. செத்த மாட்டின் வாடை.

விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.



அமெரிக்கப் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்த கித்தான் படகைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி செய்யக் கற்றவன் ஞானாபரணம். இந்த மலையில் வேறு யாருக்கும் அது வராது. மெல்லிய பலகைகளை ஆவியில் வளைத்து அவன் கூடு கட்டுவான். மேலே கித்தானை இழுத்து ஆணி அடித்ததும் அவள் வேலை தொடங்கும். ஈயவெள்ளையும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நூலிழை இடுக்குகளை அடைப்பாள்.

இந்த இடத்தையும் அவள்தான் தேய்த்தாள். வழவழவென்று வந்திருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை நடு ஏரியில் இந்தப் படகு மூழ்கியது. ஓட்டிப்போன துறைப் படகோட்டி இஸ்ரவேல் செத்தான். குடித்துவிட்டுக் கவிழ்த்தான் என்று படகுத்துறையை நடத்தும் துரைமார் எழுதிக்கொண்டார்கள். அப்படிச் சாட்சி சொன்னவன் ஞானாபரணம். இஸ்ரவேலின் மனைவியைத் துறைக் குடியிருப்பைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

"எரிக்கச் சொன்னேன்ல?"

ஞானாபரணம் பின்னால் நின்றான். அவள் பலகையைக் காட்டினாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கித்தானப் போட்டுட்டா எல்லாம் ஒண்ணுதான். உள்ள எவன் பாக்கப்போறான்? வா புள்ள, அடுத்த படகு நிக்குது. அந்த முனையப் பிடி."

வெற்றிலைச் சாறு அவன் கடைவாயில் வழிந்தது. பதினோரு வருஷமாக இந்த வாய் மெல்வதைப் பார்த்தபடி சோறு போட்டிருக்கிறாள்.

உளியை எடுத்தாள். அழுகலோடு சேர்த்துப் பலகையைப் பெயர்த்தாள். கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏ புள்ள! எங்க போற? நில்லு!"

பசை முழங்கையில் வழிந்து சேலையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

படகுத்துறையில் துரைமார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மேஜைவிரிப்பின் மேல் பலகையை வைத்தாள். ஒருவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஸ்ரவேலு குடிக்கலைங்க. படகுதான் அழுகல்."

பக்கத்திலிருந்த எழுத்தர் நோட்டை விரித்தார்.

"ஞானாபரணம் கட்டுன படகுதானே இது?"

"கட்டுனது அவரு. பூசி மறைச்சது நானு. ரெண்டு பேரையும் எழுதுங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தத் துறையில் கிடந்த படகுகள் எல்லாமே அவள் பூசியவை. ஞானாபரணம் படகு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"உன் பேரு என்னம்மா?"

முதல்முறையாகக் கேட்கிறார்கள்.

"யோவன்னாள்," என்றாள்.